வண்டியரங்கு: ‘டிரைவ்-இன் தியேட்டர்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

டிரைவ்-இன் தியேட்டர்: பெயர்ச்சொல். காரை ஓட்டிக்கொண்டு உள்ளே போய், இறங்காமல், முன்கண்ணாடி வழியாகவே படம் பார்க்கும் இடம். பலரும் இதைத் ‘திறந்தவெளித் திரையரங்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. மேலே கூரை இல்லாத அரங்குகள் பலவகை உண்டு. பார்ப்பவர் தம் வண்டிக்குள்ளேயே இருப்பது இந்த ஒன்றில்தான்.

நீலகிரியில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். தேயிலை எஸ்டேட்டுகளில் வெட்டவெளியில் படம் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அதை மக்கள் ‘திரை கட்டிப் படம் போடுறது’ என்பார்கள். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். 16 மி.மீ. புரொஜெக்டரை மேசைமேல் வைப்பார்கள். சனம் சாக்கும் கம்பளியுமாக வந்து தரையில் உட்காரும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்தால் படம் தெரியும், எழுத்து மட்டும் இடம் வலமாக மாறியிருக்கும். 1,600 அடிச் சுருள் ஒன்று 44 நிமிடம் ஓடும். ஒரே புரொஜெக்டர் என்பதால் சுருள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் இடைவேளை. இந்த அருமையான நினைவுக்கும் டிரைவ்-இன்னுக்கும் ஒரே பெயரை வைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

சொல் பிறந்தது அமெரிக்காவில். அங்கே 1920களில் காரில் இருந்தபடியே சாப்பிடும் உணவகங்களுக்குத்தான் ‘டிரைவ்-இன்’ என்ற பெயர் முதலில் வழங்கியது. பிறகு நியூ ஜெர்சியில், கேம்டன் நகர் அருகே, ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் காப்புரிமை பெற்று 1933 ஜூன் 6 அன்று சுமார் 400 கார்கள் நிற்கும் அரங்கைத் திறந்தார். 1950களின் இறுதியில் அந்த நாட்டில் இத்தகைய அரங்குகள் ஏறத்தாழ 4,000 இருந்தன.

தமிழ்நாட்டுக்கும் இந்தச் சொல் சாப்பாட்டு வழியாகத்தான் வந்தது. சென்னை கதீட்ரல் சாலையில் 1962-இல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலால்தான் பலருக்கு இந்தச் சொல் பழகியது. அது 2008-இல் மூடப்பட்டு, அந்த இடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா இருக்கிறது. சினிமா டிரைவ்-இன் என்றால் சென்னைக்காரர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் பிரார்த்தனாவைச் சொல்வார்கள். அகமதாபாத்தில் 1973-இல் ஒன்று வந்தது.

ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமைக்கு உயிர்நாடி தரையின் சரிவு. சமதரையில் காரை வரிசையாக நிறுத்தினால் பின்வரிசைக்காரருக்கு முன்கார் கூரைதான் தெரியும். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் திரையைப் பார்த்து ஒரு மண்மேடு போட்டார்கள். முன்சக்கரம் மேட்டில் ஏறும்போது காரின் மூக்கு தூக்கும், உள்ளிருப்பவரின் பார்வை முன்காரின் கூரைக்கு மேலே போகும். வரிசைகள் நேர்கோடாக இல்லாமல் வில்போல் வளைந்திருக்கும்; ஓரத்தில் நிற்கும் காரும் அப்போது திரையை நேராகப் பார்க்கும். மேட்டின் உயரம் தவறினால் தொல்லைதான். கூடிப்போனால் தூக்கிய மூக்கே பார்வையை அடைக்கும், குறைந்தால் முன்கார் மறைக்கும்.

ஒலிதான் நெடுநாள் வேதனை. முதலில் திரைக்குப் பக்கத்தில் பெரிய ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் நகரும். 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வசனம் அரை நொடி தாமதமாகக் கேட்டது, உதடு முன்னே போனது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தூக்கம் போனது. 1940களில் இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கம்பம் நட்டு, ஆளுக்கொரு சின்ன ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டார்கள். எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளலாம், சத்தத்தைத் தானே திருகிக்கொள்ளலாம். படம் முடிந்ததும் அதைக் கழற்ற மறந்து வண்டியை எடுத்து, வயரோடு பிய்த்துக்கொண்டு போனவர்கள் நிறைய. பிற்பாடு கார் ரேடியோவுக்கே எஃப்.எம். அலையில் ஒலி வந்தது. நம் நாட்டில் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டருக்கும் உரிமம் வேண்டும். கொடைக்கானல் பக்கம் அலைவரிசை தேர்ந்தெடுக்கும்போது 100.5-ஐ நெருங்கவே கூடாது. அங்கே கொடை எஃப்.எம். பலமாக இருக்கிறது, படத்தின் ஒலியை விழுங்கிவிடும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் டிரைவ்-இன்னுக்கு முதல் எதிரி மூடுபனி. புரொஜெக்டரின் ஒளி திரைக்குப் போகும் வழியில் நுண்ணிய நீர்த்துளிகளில் பட்டுச் சிதறுகிறது. ஒளித்தூண் நன்றாகத் தெரிகிறது, படம் வெளுக்கிறது, கருப்பு சாம்பலாகிவிடுகிறது. விளக்கின் சக்தியைக் கூட்டினால் சிதறலும் அதே அளவு கூடும், அதனால் பயனில்லை. இந்தக் குளிரும் தூசு குறைந்த காற்றும் படச்சுருள் செய்ய உகந்தவை என்றுதான் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை அமைத்தார்கள். 1967-இல் உற்பத்தி தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள் வந்தது. சுருளுக்கு வாய்த்த மலை, அதைத் திறந்தவெளியில் ஓட்டுவதற்கு வாய்க்கவில்லை.

பருவமும் ஒத்துழைப்பதில்லை. சுற்றுலாக் கூட்டம் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. அப்போதுதான் மதியத்துக்குமேல் இடிமழை இறங்கும். ஜூன் முதல் கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரி, பழனி மலை என்று வடகிழக்குப் பருவமழை. வானம் சுத்தமாக இருக்கும் ஜனவரி இரவில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் உறைபனி கொட்டும்.

காருக்குள்ளும் தொல்லை உண்டு. நான்கு பேர் மூச்சுவிட்டால் குளிர்ந்த முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படியும். கையால் துடைக்கக் கூடாது. தோலின் எண்ணெய்ப்பசை படிந்து, திரையின் வெளிச்சம் கோடுகோடாக இழுபடும். எதிரெதிர்ப் பக்கத்துக் கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கினால் ஈரக்காற்று வெளியேறும், கால் குளிர்ந்தாலும் படம் தெளியும். ஏ.சி. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பினால் சீக்கிரம் தெளியும், ஆனால் அதற்கு என்ஜின் ஓடவேண்டும். பக்கத்துக் காருக்குப் புகையும் சத்தமும். பேட்டரியையும் கவனிக்க வேண்டும். நல்ல பேட்டரி என்றால் ஸ்டீரியோ மட்டும் மூன்று மணி நேரம் ஓடினால் தாங்கும். ஹெட்லைட் ஜோடி எரிந்தால் 9 ஆம்பியர் இழுக்கும். குளிரில் பேட்டரியின் திறனும் குறைவதால் படம் முடிந்ததும் தள்ளிவிட ஆள் தேடவேண்டி வரும். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்றைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

மலையில் இயல்பாகவே சரிவு இருக்கிறதே, மேடு கட்டும் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். படிப்படியாக வெட்டிய பழைய உருளைக்கிழங்குத் தோட்டத்தில் அது ஓரளவு நடக்கும். ஒவ்வொரு படியும் சமமாக இருந்து, அடுத்த படி நான்கைந்து அடி உயரமாக இருந்தால் பின்வரிசைக்குப் பார்வை தடைபடாது. படி வெட்டாத சாய்தரையில் கீழ்நோக்கி நிறுத்தினால் வேறொரு வினை. வண்டி நழுவுமோ என்று டிரைவர் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். பின்னால் எரியும் சிவப்பு விளக்கு அடுத்த வரிசையின் கண்ணைக் கூசச் செய்யும். ரிவர்ஸ் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன்சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்துவிட்டால் காலை எடுத்துவிடலாம். மலை டிரைவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கல் வண்டியிலேயே இருக்கும்.

இனி, தமிழ்ச்சொல். ‘மகிழுந்துத் திரையரங்கு’, ‘சீருந்துத் திரையரங்கு’ என்றால் கார் மட்டும் என்று ஆகிவிடும். ஜீப்பும் பிக்கப்பும் வெளியே நின்றுவிடும். ‘ஊர்தி அரங்கு’ பொருளில் சரி, காதில் சரியில்லை. அலங்கார ஊர்தி, அமரர் ஊர்தி என்று கேட்டுப் பழகிய சொல் அது, பொழுதுபோக்குக்கு ஒட்டாது. ‘வண்டி’ எல்லாவற்றுக்கும் பொது. மலையாளத்தில் அதே சொல், கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘பண்டி’. நீலகிரியில் பஸ், ஜீப், தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி எல்லாமே வண்டிதான்.

‘அரங்கு’ முதலில் குறித்தது மேடையை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அதற்கு 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம் என்று அளவு சொல்கிறது. பிறகுதான் ஆடும் மேடையோடு பார்ப்பவர் இருக்கும் கூடமும் சேர்ந்து ‘அரங்கு’ ஆனது. வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தும் இடத்துக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது.

ஆகவே வண்டி + அரங்கு = வண்டியரங்கு; இடையில் யகரம் உடம்படுமெய். சமவெளியில் வண்டி கட்டிக்கொண்டு டூரிங் டாக்கீஸுக்குப் போன வழக்கத்தோடு இது குழம்புமே என்று ஒருவர் கேட்கலாம். குழம்பாது. அந்த மாட்டுவண்டி கொட்டகைக்கு வெளியே அவிழ்த்து நிறுத்தப்பட்டது; வண்டியரங்கில் வண்டி உள்ளே வருகிறது. எஸ்டேட் காட்சிக்குத் ‘திரைகட்டிப் படம்’ என்ற மக்கள் வழக்கையே எழுத்திலும் வைத்துக்கொள்ளலாம். திறந்தவெளித் திரையரங்கு என்பது இருக்கை போட்ட, கூரையில்லாத நிலையான அரங்குக்கு இருக்கட்டும்.

டிரைவ்-இன் ஓட்டலுக்கு மட்டும் இதே முறையில் ‘வண்டியுணவகம்’ என்று ஆக்க வேண்டாம். படிப்பவர் தள்ளுவண்டிக் கடை என்றே எடுத்துக்கொள்வார்.