அன்லைசென்ஸ்டுன்னா கள்ளப் பதிப்பு இல்லைங்க

புதுச்சேரியில டேபிள்டாப் ரோல்ப்ளே கேம், அதாவது மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு பாத்திரமா பகடை உருட்டி கதை ஆடுற ஆட்டம், ஆடுற பசங்க இப்ப முடிஞ்சவரை தமிழ்லயே பேசுறாங்க, சந்தோஷம்தான், ஆனா கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்காம (அன்லைசென்ஸ்டுன்னா அதான்) வெளியாள் எழுதி விக்கிற அட்வென்ச்சர் புக்கை, அதாவது ஆடறதுக்கான கதைப் புக்கை, 'கள்ளப் பதிப்பு'ங்கிறாங்க பாருங்க, கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு.

லைசென்ஸ் லத்தீன் வேர், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போனது, அனுமதின்னு அர்த்தம். தமிழ்ல உரிமம், 'உரி'லேருந்து வந்தது. அவ்ளோதான்.

கள்ளப் பதிப்புன்னா அடுத்தவன் புக்கை அப்படியே அச்சடிச்சு விக்கிறது. இது அது இல்லையே! நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லன்னதும் சாராயக்கடை ஞாபகம் வந்துடுது போல. அங்க லைசென்ஸ் குடுக்கறது அரசாங்கம், அது இல்லாம வித்தா குற்றம். இங்க குடுக்கறது ஒரு தனியார் கம்பெனி, அவங்க எழுத்து, படம், பாத்திரம், லோகோ இதையெல்லாம் எடுத்தாதான் அவங்ககிட்ட கேக்கணும், பகடை உருட்டி கூட்டிப் பாக்கற ஆட்ட முறைக்கு பதிப்புரிமையே கிடையாது, அதை விளக்கி எழுதின வாசகத்துக்குதான் உண்டு. 1982லயே மேஃபேர் கேம்ஸ்ங்கிற கம்பெனி 'ரோல் எய்ட்ஸ்'னு, டி அண்ட் டிக்கு (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், இந்த வகையில பேர்போன ஆட்டம்) ஒத்துப்போற புக்கெல்லாம் லைசென்ஸ் இல்லாமதான் போட்டாங்க. டி அண்ட் டியை அப்ப போட்ட டிஎஸ்ஆர் கம்பெனி சும்மா இருக்கல, 1984ல ரெண்டு பேரும் ஒப்பந்தம் போட்டு, 1991ல வழக்கு வந்ததுகூட அந்த ஒப்பந்தத்தை மீறிட்டாங்கன்னுதான். இதுல கள்ளம் எங்க வந்துச்சு?

என்னைக் கேட்டா 'இசைவு பெறாத வெளியார் நூல்'. அரசாங்கம் குடுத்தா உரிமம், தனி ஆள் குடுத்தா இசைவு, கேக்கறவனுக்கே வித்தியாசம் புரியும். 'தேர்ட் பார்ட்டி'ங்கிறதுக்கு 'மூன்றாம் தரப்பு' வேணாமான்னா, தரப்பே உருது 'தரஃப்', தனித்தமிழ் பேசுறவங்களுக்கு இது தெரியாது, அதுகூடப் பரவால்ல, போஸ்டர்ல அதை 'மூன்றாம் தர'ன்னு சுருக்கிடறாங்க, எழுதினவன் பொழப்பே போச்சு!

அப்புறம் 'அதிகாரப்பூர்வமற்ற'ன்னு ஒண்ணு. அது வேற. டி அண்ட் டி விதிகளை வெளியாளும் எடுத்து எழுதலாம்னு 2000ல வந்த ஓஜிஎல்லும் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) லைசென்ஸ்தான், 2023 ஜனவரியில எஸ்ஆர்டி 5.1ங்கிற அந்த ஆட்டத்தோட அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது லைசென்ஸ்ல விட்டாங்களே அதுவும் லைசென்ஸ்தான், அதை வச்சு எழுதின புக்கு இசைவு பெற்றது, ஆனா கம்பெனி புக்கு கிடையாது. இசைவு பெற்றதையும் பெறாததையும் ஒரே சொல்லுல அடைச்சா எப்படி?

மொழிபெயர்க்கறவங்களுக்கு இதெல்லாம் எங்க, காப்பிரைட்டும் (அதான் பதிப்புரிமை) காப்புரிமை, பேட்டண்டும் காப்புரிமைன்னு எழுதிட்டுப் போயிடறாங்க, படிக்கறவன் பகடைக்கே பேட்டண்ட் இருக்குன்னு பயந்துக்கறான்.