படிவத்தின் முதல் வரியில் யார் பெயர்?

மாரி பிறந்து மகாவலி பெருகினால் திருகோணமலை மாவட்டத்தின் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கமிருந்து வெள்ள மரண நட்டஈட்டுக் கோப்புகள் வரத் தொடங்கும். இந்த முறையும் அதே பிழைதான். வெள்ளத்தில் இறந்தது ஒரு பெண்ணின் கணவன், அல்லது அவள் பிள்ளை. நட்டஈட்டுக் காசு போனதோ வேறொருவர் கணக்குக்கு.

"குடும்பத் தலைவர் எண்டா ஆம்பிளதானே, அவர் பேரிலதான் போடோணும்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அப்படி யார் சொன்னது? பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது இலங்கை அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. வாக்காளர் படிவத்தில் வீட்டுக்கு ஒரு பிரதான குடியிருப்பாளரை எழுதுகிறோம். அந்தப் பெயரே நிவாரணப் பட்டியலுக்கும் அப்படியே ஏறிவிடுகிறது. அது ஒரு பதிவு வசதி, உரித்து அல்ல.

2004 சுனாமிக்குப் பிறகாவது படித்திருக்க வேண்டும். கிழக்கில் வீடு பெண்ணுக்குச் சீதனம். அவள் வளவில் எழும்பிய புது வீடு பல இடங்களில் கணவன் பெயரில் பதியப்பட்டது. தன் தாய் தந்த வளவுக்கு உரித்தை நிரூபிக்க வேண்டியவளாக அவளே ஆனாள்.

ஆகவே படிவத்தின் முதல் வரியில் மனைவி, அல்லது பிள்ளையை இழந்த தாய், தன் பெயரை எழுத வேண்டும். வங்கிக் கணக்கும் அவளுடைய தனிக் கணக்காக இருக்கட்டும். கலியாணம் பதியவில்லையென்றால் மனம் விட வேண்டாம். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சடங்குக்கு வந்த இருவரின் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்து மரண விசாரணை. "நீரில் மூழ்கி இறப்பு" என்று மட்டும் எழுதினால், கிணற்றில் தவறி விழுந்தவரா வெள்ளம் இழுத்துப் போனவரா என்று அந்தக் கடதாசிக்குத் தெரியாது. கோப்பு அங்கேயே நிற்கும். வாக்குமூலம் கொடுக்கும்போதே நாள், இடம், வெள்ளம் வந்த விதம் எல்லாம் சொல்லி எழுதுவியுங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு. மரணம் நடந்த இடத்தில்தான் மரணப் பதிவு. திருகோணமலை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தால் வெருகலில் பதிய முடியாது. நட்டஈட்டுக்கு நீங்கள் வசிக்கும் பிரதேச செயலகத்துக்கே போக வேண்டும்.

சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தை வாசிக்க முடியாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ்ப் படிவம் கேட்பது சலுகை அல்ல. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, எக்காரணம் கொண்டும் வேண்டாம்!

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியட்டும் என்று கடதாசிகளைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மூதூர், கிண்ணியாவில் இத்தாவில், அதாவது கணவன் இறந்த பின் முஸ்லிம் பெண்கள் வீட்டோடு இருக்கும் காலத்தில், இருக்கும் தாய்மாரிடம் ஒரு தயவான வேண்டுகோள். நீங்கள் வெளியே போக முடியாத அந்த நாலு மாதமும் பத்து நாளும்தான் மச்சான்மாரின் பெயர் படிவத்தில் ஏறுகிறது, பெரும்பாலும் நல்லெண்ணத்தோடேயே. கிராம உத்தியோகத்தரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால் படிவத்தை வீட்டுக்கு எடுப்பித்து உங்கள் பெயரை எழுதி நீங்களே கையெழுத்து வையுங்கள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் மச்சானிடம் விடுங்கள்.