மடக்கு டேபிள் போடுறதுக்கு முன்னாடி செவுத்தைத் தட்டிப் பாருங்க

ஓசூர் மூக்கண்டப்பள்ளி பக்கம் வாடகை வீடுகளுக்குத்தான் நான் அதிகமா மரவேலை பண்றேன். எல்லாம் சிப்காட்ல வேலை பாக்குற குடும்பங்க, ஒரு ஹாலு ஒரு கிச்சன், ஹாலு 10க்கு 12 இருந்தாலே பெருசு. போன்ல ஒரு வீடியோவக் காட்டி "அண்ணா, இதே மாதிரி செவுத்துல மடக்குற டேபிள் போட்டுத் தரீங்களா"ன்னு கேக்குறவங்க இப்ப நெறைய பேரு. போட்டுத் தரலாம், ஆனா எல்லா வீட்டுக்கும் அது ஒத்து வராதுங்க.

ராத்திரி அந்த எடத்துல யாராவது பாய் போட்டுப் படுக்குறீங்களான்னு மொதல்ல கேப்பேன். ஆமான்னா தாராளமா போடலாம், ஏன்னா தெனமும் மடக்கித்தான் ஆகணும். இல்லைன்னா ரெண்டு வாரம் மடக்குவாங்க, அப்புறம் சார்ஜர், பிள்ளைங்க நோட்டு, அயர்ன் பண்ண வேண்டிய துணின்னு ஏறிக்கும், அதையெல்லாம் எடுத்து வைக்க வேற எடம் இல்லாததால டேபிள் விரிச்சபடியே நின்னுரும். அதனால மேல ஒரு சின்ன ஷெல்ஃபு இல்லாம நான் போடுறதே இல்ல.

அளவும் பாக்கணும். இரண்டரை அடி அகல டேபிள செவுத்தோட ஒட்டிப் போட்டாலும், சேரை இழுத்து உக்கார இன்னொரு இரண்டரை அடி வேணும், ஆக அஞ்சு அடி. தரையில சாக்பீஸால கோடு போட்டு, ரெண்டு நாள் அதைச் சுத்தி நடந்து பாருங்க.

இப்ப செவுரு. நான் பண்ண தப்பையே சொல்றேன். ஒரு வீட்டுல டிரில் போடும்போது பூச்சைத் தாண்டினதும் பிட்டு லொடக்குன்னு உள்ள போச்சு, உள்ள வெத்தா இருக்குற ஹாலோ பிளாக்கு கல்லு, அப்பவே நிறுத்தியிருக்கணும், அவசரத்துல பிளாஸ்டிக் பிளக்க அடிச்சு ஸ்க்ரூவ முறுக்கிட்டு வந்துட்டேன். அந்த வீட்டுப் பாட்டி களி கிண்டுன குண்டான சூட்டோட தூக்கிட்டு வந்து டேபிளோட முனையில வெச்சிருக்காங்க, பிளக்கோட பூச்சும் பேந்துக்கிட்டு மொத்தமா கீழ வந்துருச்சு. அவங்க கால் தப்புனது பெரிய விஷயம், அதை நெனச்சா இன்னும் பதறுது. பாரம் எவ்வளவுங்குறதை விட அதை எங்க வைக்கிறோம்ங்குறதுதான் முக்கியம். ரெண்டடி நீளுற பலகையோட முனையில 20 கிலோ வெச்சா, ஒரு அடி உயர பிராக்கெட்டுல மேல இருக்குற ஸ்க்ரூங்க எல்லாம் சேந்து 40 கிலோ இழுப்பைத் தாங்கணும். கெட்டியான செங்கல் செவுத்துல உள்ள விரிஞ்சு புடிச்சுக்குற நல்ல ஆங்கர் போல்ட்டு போட்டா அதைத் தாங்கிடும், வெறும் பூச்சு தாங்காது. விரலால தட்டிப் பாருங்க, சத்தம் பொத்துன்னு உள்வாங்குனா செவுத்த நம்பாதீங்க, முன்பக்கம் தரையில ஊணுற மாதிரி மடக்குற இரும்புக் கால் கேட்டு வாங்குங்க. அந்தப் பாட்டி வீட்டுக்கும் அப்புறம் என் செலவுல அப்படித்தான் மாத்திக் குடுத்தேன்.

வாடகை வீடுன்னா ஓட்டை போட ஹவுஸ் ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க, காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல புடிச்சுக்குறாங்க. அவர் ஒத்துக்கலைன்னா தனியா நிக்கிற மடக்கு டேபிளே போதும்.

பலகை விஷயத்துல, விலை கொறைவுன்னு மரத்தூள அழுத்தி ஒட்டுன பார்ட்டிகிள் போர்டு வாங்காதீங்க. தெனமும் ஈரத்துணியால தொடைக்கிற எடம், ஓரத்துல தண்ணி எறங்கி ஊதிரும், அப்புறம் கீல் ஸ்க்ரூ அதுல நிக்காது. பிளைவுட்டு வாங்கி நாலு ஓரத்தையும் மூடச் சொல்லுங்க.

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல கடைசியா ஒண்ணு பாப்பேன். பலகைய மடக்கும்போது கீல் பக்கம் விரல் போற அளவுக்கு சந்து இருக்கான்னு ஒரு பென்சில விட்டுப் பாப்பேன். பென்சில் போனா பிள்ளை விரலும் போகும். அப்படி இருந்தா அன்னைக்கு டேபிள குடுக்க மாட்டேன், கழட்டி எடுத்துட்டு வந்து சந்து இல்லாம பலகை நீளத்துக்கும் வர்ற நீளக் கீல் மாத்தி, பலகைய மெதுவா எறக்குற ஸ்டேங்குற தாங்கு கம்பி போட்டுதான் திரும்ப மாட்டுவேன்.