மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து: பழைய பிளாட்டை இடித்துக் கட்டும் முன்

தி.நகரில் எங்கள் தெருவில் மட்டும் இப்போது மூன்று இடத்தில் பச்சை வலை கட்டி இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றுமே 1980களில் கட்டிய பிளாட்டுகள். லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்த இடம் கிடையாது, பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும். மெட்ரோ வேலை பனகல் பார்க் வரை வந்ததிலிருந்து பில்டர்கள் கதவைத் தட்டுவது அதிகமாகிவிட்டது. "உங்க 900 சதுர அடியைக் குடுங்க, 1,100 சதுர அடியில புது வீடு தர்றோம், அதுவரைக்கும் வாடகையும் தர்றோம்" என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் ஒத்துக்கொண்டால்தான் இடிக்க முடியும். ஒரு வீட்டுக்காரர் அமெரிக்காவில் இருந்துகொண்டு பதில் போடாவிட்டால் மற்ற பதினோரு வீடும் ஒழுகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இதை மாற்றியது. 2024 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். பன்னிரண்டு வீடு என்றால் எட்டுப் பேர். கட்டடம் இடிந்துவிழும் நிலையில் இருப்பதாக உரிய அதிகாரி சான்று கொடுத்துவிட்டால் அந்தச் சம்மதமும் தேவையில்லை.

சரி, இந்தச் சட்டம் உங்களுக்கு 1,100 சதுர அடி வாங்கித் தருமா? தராது. இடிக்கலாமா வேண்டாமா என்பதைத்தான் அது தீர்த்துவைக்கிறது. உங்களுக்குத் திரும்ப என்ன கிடைக்கும் என்பது முழுக்க பில்டருடன் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பலர் சறுக்குவது இங்கேதான்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மூன்று கிரவுண்டு நிலம், அதாவது 7,200 சதுர அடி, அதில் பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொள்வோம். நிலத்தின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். பழைய எஃப்.எஸ்.ஐ. 1.5 என்பதால் மொத்தம் 10,800 சதுர அடிதான் கட்ட முடிந்தது, ஆளுக்கு 900. 2019-இல் வந்த கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. இப்போது 14,400 கட்டலாம். அதில் உங்களுக்கெல்லாம் 1,100 கொடுத்தால் 13,200 போய்விடும். மீதி 1,200. ஒரே ஒரு வீடு! அதை விற்று யாராலும் பன்னிரண்டு வீடு கட்டித் தர முடியாது. அப்போ பில்டருக்கு எதில் லாபம்? அரசுக்குக் கட்டணம் கட்டிக் கூடுதலாக வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யில். அது எவ்வளவு கிடைக்கும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. அகலமான தெருவுக்கு நல்ல பேரம் வருவதும், சந்துக்குள் இருக்கும் கட்டடத்துக்கு "நீங்களும் கொஞ்சம் பணம் போடணும்" என்று சொல்வதும் இதனால்தான்.

அப்புறம், நீங்கள் காசு கொடுக்கவில்லையே தவிர, நிலம் கொடுக்கிறீர்கள். கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்குள்ள பங்கைப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று போட்டிருக்கும், எல்லோரும் யூ.டி.எஸ். என்பார்கள். பன்னிரண்டு பேருக்குச் சமமாக 600 சதுர அடி வீதம் இருந்த நிலம், பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யால் புதுக் கட்டடத்தில் பதினெட்டு வீடு வந்தால் 400 ஆகிவிடும். அந்த 200 சதுர அடிதான் புது வீட்டின் விலை. உங்கள் தெருவின் நில மதிப்பால் அதைப் பெருக்கிப் பாருங்கள். பில்டர் சொல்வது நியாயமா என்று அப்போது தெரிந்துவிடும்.

900, 1,100 என்ற எண்களிலும் ஒரு பொறி உண்டு. 1,100 என்பது மாடிப்படி, லிஃப்ட், தாழ்வாரமெல்லாம் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' ஆக இருக்கலாம். இன்றைக்கு உங்கள் கூடத்திலும் அறைகளிலும் டேப் வைத்து அளந்த கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, புது வீட்டில் அதே கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள். அதைத்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

வாடகை விஷயம் என்னை மிகவும் உறுத்துகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்குச் சில மாதம் ஒழுங்காக வந்த வாடகை அப்படியே நின்றுபோனது. வீடும் இல்லை, வாடகையும் இல்லை, வயது எழுபதுக்கு மேல். அதனால் வாடகை "கட்டி முடிக்கும் வரை" அல்ல, "சாவி கையில் தரும் வரை" என்று இருக்கட்டும். தாமதமானால் எவ்வளவு கூடுதல் என்பதையும் எழுதுங்கள். பில்டர் தராவிட்டால் வங்கி தரும் என்ற வங்கி உத்தரவாதம் கேளுங்கள். உங்கள் சார்பில் செயல்பட பில்டருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரத்தில், பில்டர் தன் பங்கு வீடுகளை மட்டும் விற்கலாம், உங்கள் பங்கை அடகு வைக்கக் கூடாது என்று தெளிவாக இருக்க வேண்டும். திட்ட அனுமதி கைக்கு வரும் முன் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.

வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா, இருக்கிறதே என்பார்கள். பெரிய திட்டத்துக்கு அந்தக் காவல் உண்டு. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்தாக வேண்டும். ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருந்தால் பதிவே கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர். மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அந்த அளவு மனைகள் ஏராளம். அங்கே எட்டு வீட்டுக்குள் கட்டினால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குத் துணை.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் புது வீட்டில் பங்கு இல்லை. இடித்துக் கட்டுவது என்பது 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி காலி செய்யச் சொல்ல ஏற்ற காரணம்தான். ஆனாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் சாமானைத் தெருவில் தூக்கிப் போட முடியாது. அட்வான்ஸ் தொகையையும் திருப்பித் தந்தாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஐம்பது, அறுபது பக்கத்துக்கு வரும். எங்கள் பிளாக்கில் முதல் மாடிப் பாட்டி, கூட்டத்தில் எல்லோரும் போடுகிறார்களே என்று ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள்தான் தன் கார்ப்பெட் ஏரியா எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. சங்கக் கூட்டத்துக்கு முன்பே முக்கியமான பிரிவுகளைத் தமிழில் எழுதி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். அதைப் படித்து முடிக்கப் பதினைந்து நாள் கேளுங்கள்.