பிளஃப்: உதாரா, பாவ்லாவா, பூச்சாண்டியா?

"சும்மா பிளஃப் பண்றான், விடாதே." சென்னையில் இதைச் சீட்டாட்டத்தில் மட்டுமல்ல, வீட்டு வாடகை பேசும் இடத்திலும் கேட்கலாம். போக்கரில் இதன் பொருள் திட்டமானது. கையில் ஒன்றும் இல்லாதவர் பெரிய கை வந்தவரைப் போலத் தொகையைக் கட்டி, தன்னைவிட நல்ல சீட்டு வைத்திருப்பவரையே சீட்டைக் கவிழ்த்து விலக வைப்பது பிளஃப்.

டச்சு மொழியிலிருந்து இது ஆங்கிலத்துக்கு வந்தது என்பது பரவலான கருத்து. அங்கே 'பிளஃபன்' என்றால் தற்பெருமை அடிப்பது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் ஆட்டத்துக்கே பிளஃப் என்றொரு பெயர் இருந்தது.

தமிழில் என்ன சொல்வது? 'ஏமாற்று' என்பதை நான் ஏற்க மாட்டேன். சீட்டில் அடையாளம் வைப்பதுதான் ஏமாற்று. பிளஃப் விதிக்கு உட்பட்டது. நம்ம ஊர் 'உதார்' டச்சு மூலத்துக்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. ஆனால் உதார் வாயோடு போகும், விடுபவருக்கு நஷ்டமில்லை. பிளஃப் அடிப்பவரோ காசை நடுவில் வைத்தாக வேண்டும். 'பாவ்லா' வெறும் பாசாங்கு. 'போக்குக் காட்டுதல்' அழகான சொல்தான். ஆனால் வனத்துறைக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை நழுவி ஓடுகிறது. பிளஃப் அடிப்பவர் ஓடுவதில்லை, எதிரில் இருப்பவரை ஓட வைக்கிறார்.

எனக்குப் பொருந்துவதாகப் படுவது 'பூச்சாண்டி காட்டுதல்'. உள்ளே ஒன்றுமில்லை, பயம் மட்டும் நிஜம். இன்னொரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. பூச்சாண்டி காட்டினான் என்றதும் 'யாருக்கு?' என்ற கேள்வி வந்துவிடும். பயப்பட ஓர் ஆள் இல்லாமல் பூச்சாண்டி இல்லை. பிளஃபின் உயிரே அந்த நான்காம் வேற்றுமையில்தான் இருக்கிறது.

இதை நான் கற்றது பெரம்பூரில், மின்வெட்டு இரவுகளில், மொட்டை மாடியில். பந்தயம் புளியங்கொட்டை. ஒருநாள் என் கணக்கில் நாலு கிளாவர். ஐந்தாவது வந்தால் ஃபிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. கடைசிச் சீட்டு ஆர்ட்டினாக விழுந்தது. நடுவில் 40 கொட்டை. நானும் 40 கட்டினேன். எதிரே சித்தி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "என்னதான் வெச்சிருக்க, காட்டு பாக்கலாம்" என்று 40 கொட்டையைத் தள்ளினார். அவரிடம் இருந்தது இரண்டு ஏழு, வெறும் ஒரு ஜோடி. எனக்கு அதுவும் இல்லை.

என் கணக்கில் பிழையில்லை. நடுவில் உள்ள அளவே கட்டினால், இரண்டில் ஒரு தடவைக்கு மேல் எதிராளி விலகினால்தான் லாபம். அதில் பாதி கட்டினால் மூன்றில் ஒரு தடவைக்கு மேல் விலகினால் போதும். ஆனால் சித்தி பத்தில் ஒரு தடவைகூட விலகாதவர். போக்கர்காரர்கள் இத்தகையவரை 'காலிங் ஸ்டேஷன்' என்பார்கள். அவருக்குப் பூச்சாண்டி பலிக்காது. நல்ல கை வரும்வரை காத்திருந்து, வந்ததும் தாராளமாகக் கட்ட வேண்டும்.

தாத்தா நேர் எதிர். பெரிய ஜோடி இல்லாமல் கொட்டையைத் தொட மாட்டார். அவரிடம் சின்னத் தொகையிலேயே பூச்சாண்டி பலிக்கும்; அவரே உயர்த்திக் கட்டினால் பேசாமல் எழுந்துவிட வேண்டும். எல்லாக் கைக்கும் கட்டி மிரட்டும் மாமா பையனிடம் மிரட்டலே வேண்டாம். சுமாரான ஜோடியோடு அமைதியாக ஈடுகட்டி வந்தால் அவன் கொட்டை தானாக இந்தப் பக்கம் வரும்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் போக்கரையும் ரம்மியையும் திறமை ஆட்டங்களாகக் கருதி, இணையத்தில் அவற்றை ஆட மாநிலம் விதித்த தடையை நீக்கியது. (பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்தியச் சட்டம் மொத்தமாகத் தடை செய்தது.) மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்பதைச் சீட்டுதான் சொல்லும், எதிரில் யார் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். போக்கரில் நான் கண்ட திறமையில் பெரும்பங்கு, ஆளைப் படிப்பது.

அடுத்த ஞாயிறு எனக்கு மூன்று ராஜா வந்தது. அதே 40 கொட்டை. சித்தி அதே வார்த்தையைச் சொன்னார். காட்டினேன்.