உங்கள் ஸ்பிளாட்டர் உங்களுக்குக் கேட்காது

காலை நேரத்தில் ஹாம் ரேடியோவின் (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலி) 40 மீட்டர் பேண்டைக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். பக்கத்து மாவட்டத்து நிலையம் ஒன்று சிக்னல் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் எஸ்9-க்கு மேல் 40 டெசிபல் வலுவில் வருகிறது. ஆடியோ நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நாலைந்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி டயலை வைத்தால், அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கரகரவென்று ஒரு சத்தம் வந்து போகிறது. இதைத்தான் ஸ்பிளாட்டர் என்கிறோம். அந்த இடத்தில் யாரோ ஒருவர் வீட்டில் கட்டிய பிட்எக்ஸ் ரேடியோவில் 5 வாட்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவர் குரல் அந்தக் கரகரப்புக்குள் போய்விடும்.

கெடுக்கிறவருக்கு இது தெரிவதே இல்லை. மைக்கை அழுத்தியதும் அவருடைய ரிசீவர் ஊமையாகிவிடுகிறது. எதிர்முனையில் இருப்பவரும் அவருடைய அலைவரிசையில்தான் இருக்கிறார். "59 ப்ளஸ், அருமையான ஆடியோ ஓஎம்" என்று ரிப்போர்ட் கொடுக்கிறார். பக்கத்து அலைவரிசையில் நடப்பதைச் சொல்ல ஆளில்லை.

ஆர்எஃப் (ரேடியோ அலை) பவர் ஆம்ப்ளிஃபையர்தான் என் தொழில். ஹாம் நண்பர்கள் தங்கள் லீனியரை (ரேடியோவோடு சேர்க்கும் பவர் ஆம்ப்ளிஃபையரை) கொண்டுவந்து என் மேசையில் வைக்கும்போது முதலில் கேட்பது "எத்தனை வாட் வருது?" என்பதைத்தான். எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் இன்று அதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. ஒரு காலத்தில் செல்போன் டவர்களுக்குள் மட்டும் இருந்த அடாப்டிவ் ப்ரீடிஸ்டார்ஷன் (எதிர்த்திரிபை முன்கூட்டியே சேர்த்துத் திருத்தும் முறை), இப்போது நம் மேசைக்கே வந்துவிட்டது.

முதலில் நோயைப் பார்ப்போம். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்க 700 ஹெர்ட்ஸ், 1900 ஹெர்ட்ஸ் என்று இரண்டு டோன்களைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆம்ப்ளிஃபையர் நேர்மையானதாக இருந்தால் ஸ்பெக்ட்ரம் திரையில் இரண்டு கம்பங்கள் மட்டும் நிற்க வேண்டும். நிஜத்தில் இரண்டு பக்கமும் படிக்கட்டு போல இறங்கிக்கொண்டே போகும் சின்னக் கம்பங்களும் சேர்ந்து வரும். இவைதான் திரிபு. மூன்றாம் வரிசைத் திரிபு 3100 ஹெர்ட்ஸிலும், மறுபக்கம் கேரியருக்கு (எஸ்எஸ்பியில் அடக்கப்பட்ட மூல அலைக்கு) அந்தாண்டை 500 ஹெர்ட்ஸிலும் விழும். ஐந்தாம் வரிசை 4300 ஹெர்ட்ஸிலும் மறுபக்கம் 1700-இலும், ஏழாம் வரிசை 5500-இலும் மறுபக்கம் 2900-இலும் விழும். மூன்றாம் வரிசை பெரும்பாலும் நம் அலைவரிசையின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்தவர் இடத்துக்குள் போய் உட்காருவது ஐந்தும் ஏழும் ஒன்பதும். டிரைவை (உள்ளே கொடுக்கும் சிக்னலை) கூட்டிக் கசக்கும்போது முதலில் எகிறுவதும் இவைதான்.

13.8 வோல்ட்டில் ஓடும் சாதாரண 100 வாட் ரேடியோவில் மூன்றாம் வரிசைத் திரிபு உச்சத் திறனுக்குச் சுமார் 30 டெசிபல் கீழே இருந்தால் அது வழக்கமான அளவு. இந்த எண்ணைப் பேசும்போது எதை வைத்து அளந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உச்சத் திறனை வைத்துச் சொன்னால், ஒற்றை டோனை வைத்துச் சொல்வதைவிட 6 டெசிபல் அழகாகத் தெரியும். விற்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, 30 என்றே வைத்துக்கொள்வோம். எஸ்9-க்கு மேல் 40-இல் வருபவரின் திரிபு எஸ்9-க்கு மேல் 10-இல் வருகிறது. தூரத்து நிலையங்கள் பலவும் அந்த அளவை எட்டுவதே இல்லை. அதே திரிபு 60 டெசிபல் கீழே போனால், எஸ்5-க்கும் எஸ்6-க்கும் இடையில் போய் நிற்கும் (ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல்). ஊருக்குள் இருக்கும் ஆன்டெனாவில் பேண்டின் இரைச்சலே பல நேரம் அந்த அளவுதான்.

ஏன் இப்படித் திரிகிறது? டிரான்சிஸ்டர் ஒரு சிறிய சிக்னலைப் பெருக்கும் அளவுக்குப் பெரிய சிக்னலைப் பெருக்காது. உச்சியில் மழுங்கும். பயாஸ் மின்னோட்டம் (சிக்னல் இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட விடும் மின்னோட்டம்) குறைவாக இருந்தால் அடியிலும் வளையும். போதாததற்கு, சிக்னல் பெரிதாகும்போது அதன் கட்டமும் (ஃபேஸ்) சில டிகிரிகள் நகரும். பேச்சு என்பது நொடிக்கு நொடி ஏறி இறங்கும் சிக்னல். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் இந்த இரண்டு குறைகளும் சேர்ந்து அலையைக் கோணலாக்குகின்றன. மெல்லிய, நீளமான டிசி வயரும் இதில் பங்கு வகிக்கிறது. 13.8 வோல்ட் 12 ஆக இறங்கினால் ஆம்ப்ளிஃபையர் எட்டக்கூடிய உச்சத் திறன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். 100 வாட்டுக்குச் சரியாக இருந்த டிரைவ், அங்கே ஓவர் டிரைவ்.

இதைச் சரிசெய்யும் முயற்சி நூறு ஆண்டுப் பழசு. பெல் நிறுவனத்தில் தொலைபேசி ரிப்பீட்டர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹெரால்ட் பிளாக் 1923-இல் ஃபீட்ஃபார்வர்டு முறையை (திரிபைத் தனியே பிரித்து வெளியீட்டிலிருந்து கழிப்பது) யோசித்தார். 1927-இல் ஹட்சன் ஆற்றுப் படகில் வேலைக்குப் போகும்போது நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளே திருப்பிவிட்டுத் திரிபைக் குறைப்பது) யோசனை அவருக்குத் தோன்றியது. ஹாம் உலகில் காலின்ஸ் கேடபிள்யூஎம்-2 போன்ற ரேடியோக்கள் ஆர்எஃப் ஃபீட்பேக்கைக் கொண்டிருந்தன. அந்தக் கால காலின்ஸ் சிக்னல் சுத்தமானது என்ற பெயருக்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சில விலையுயர்ந்த ரேடியோக்களில் கிளாஸ் ஏ (டிரான்சிஸ்டரில் எப்போதும் மின்னோட்டம் தாராளமாக ஓடும் முறை) பொத்தான் வந்தது. சிக்னல் சுத்தம்தான், ஆனால் ஹீட்சிங்க் அடுப்பாகிவிடும்.

செல்போன் டவர்கள் வேறு வழியில் போயின. அங்கே மின்சாரச் செலவும் முக்கியம், பக்கத்து சேனலும் முக்கியம். அதனால் ஆம்ப்ளிஃபையரை மின்சாரத்தை வீணாக்காததாக, கொஞ்சம் கோணலாகவே விட்டுவிட்டு, அந்தக் கோணலுக்கு நேர் எதிரான கோணலை உள்ளே போகும் சிக்னலில் டிஜிட்டலாகச் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, வெளியே நேராக வரும்.

ஹாம் ரேடியோவில் இதைப் பரவலாக்கியது ப்யூர்சிக்னல் என்ற மென்பொருள் வசதி. ஓப்பன்ஹெச்பிஎஸ்டிஆர் என்ற மென்பொருள் ரேடியோ திட்டத்துக்காக வாரன் பிராட் (என்ஆர்0வி) எழுதியது. அனான் ரேடியோக்களில் தீட்டிஸ் மென்பொருளோடு இது ஓடுகிறது. பிராட்பேண்ட் மோடம்களுக்காக வந்த 12 பிட் ஏடி9866 சிப்பை வைத்துக் கட்டிய, 5 வாட் மட்டுமே தரும் ஹெர்ம்ஸ் லைட் 2-இலும் ஓடுகிறது. ஐகாம் ஐசி-7760 போன்ற புதிய ரேடியோக்கள் இதே வேலையைத் தமக்குள்ளேயே செய்துகொள்கின்றன.

வேலை செய்யும் விதம் இதுதான். டிரான்ஸ்மிட் செய்யும்போது ஆம்ப்ளிஃபையர் வெளியீட்டிலிருந்து சாம்ப்ளர் என்ற சின்னக் கருவி வழியாக ஒரு துளி சிக்னல் ரிசீவருக்குத் திரும்பி வருகிறது. மென்பொருள் தான் அனுப்பியதையும் திரும்பி வந்ததையும் நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி வைக்கிறது. பிறகு பூஜ்யத்திலிருந்து உச்சம் வரை வீச்சைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் வீச்சு எவ்வளவு குறைந்தது, கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று சேகரிக்கிறது. எல்லாப் படிகளும் நிரம்பியதும் திருத்த வளைவுகளைக் கணக்கிட்டு அடுத்த நொடியிலிருந்து சேர்க்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே இது மறுபடி மறுபடி நடக்கும். ஹீட்சிங்க் சூடாகி பயாஸ் நகர்ந்தாலும், மழையில் நனைந்து ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) மாறினாலும், திருத்தமும் கூடவே மாறும். முணுமுணுத்தால் மேல் படிகள் நிரம்பாது, திருத்தமும் வராது. முதல் தடவைக்கு இரண்டு டோன் கொடுப்பது வசதி.

தீட்டிஸில் ஆம்ப்வியூ என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு லீனியரைப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத வேலை. நேர்கோடாக இருக்க வேண்டியது உச்சியில் எங்கே தளர்கிறது, கட்டம் எங்கே சரிகிறது என்று உங்கள் ஆம்ப்ளிஃபையரின் குணம் முழுவதும் அதில் தெரியும். பயாஸைக் கொஞ்சம் கூட்டினால் அடிப்பகுதி நிமிர்வதையும் கண்ணால் பார்க்கலாம். திருத்தத்தை ஆன் செய்தால் 30-இல் இருந்த மூன்றாம் வரிசை 50-க்கும், நன்றாக அமைந்தால் 60 டெசிபலுக்கும் கீழே போகும். படிக்கட்டு மறைந்து இரண்டு கம்பங்கள் மட்டும் நிற்கும்.

இங்கேதான் நான் எச்சரிக்க விரும்பும் விஷயம் இருக்கிறது. அந்தத் திரையில் நீங்கள் பார்ப்பது திரும்பி வந்த அந்தத் துளியை. மென்பொருள் திருத்துவதும் அந்தத் துளியை வைத்துத்தான். துளி பொய் சொன்னால், அந்தப் பொய்க்கு ஏற்றபடி உண்மையான வெளியீட்டைக் கோணலாக்கி, திரையில் சுத்தமாகக் காட்டிவிடும். ஏடிசிக்குள் (சிக்னலை எண்களாக்கும் சிப்) அளவுக்கு மீறிச் சிக்னல் போனாலும், சாம்ப்ளரின் ஃபெரைட் கோர் தாங்காமல் திணறினாலும், ரேடியோவுக்குள்ளேயே டிரைவர் சிக்னல் ஃபீட்பேக் பாதையில் கசிந்தாலும் இதுதான் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரே சாட்சி சொல்வது மாதிரி.

அதனால் சாம்ப்ளரில் அக்கறை காட்டுங்கள். எளிய வகை ஒன்றே போதும்: ஆன்டெனா லைனின் நடுக் கம்பி ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் ஒரு தடவை நுழைந்து போகும், வளையத்தின் மேல் 32 சுற்று மெல்லிய கம்பி. 50 ஓம் சுமையில் இது 30 டெசிபல் கீழே எடுத்துத் தரும். 400 வாட் போகும்போது சாம்ப்ளரிலிருந்து வருவது 0.4 வாட். இதை அப்படியே ரிசீவருக்குக் கொடுத்தால் முன்பகுதி போய்விடும். நடுவில் இன்னொரு 30 டெசிபல் அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சின்ன சர்க்யூட்) வைத்தால் ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே வந்துவிடும். அந்த அட்டனுவேட்டரின் முதல் ரெசிஸ்டர்கள்தான் சூட்டைத் தாங்க வேண்டியவை. கால் வாட் ரெசிஸ்டர் போட வேண்டாம். எல்லாவற்றையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்து, நல்ல ஷீல்டு உள்ள மெல்லிய கோஆக்ஸில் கொண்டுவாருங்கள். லோ பாஸ் ஃபில்டருக்கு அப்புறம் சாம்பிள் எடுங்கள், இல்லாவிட்டால் ஹார்மோனிக்கும் (அலைவரிசையின் மடங்குகளில் வரும் சிக்னல்) சேர்ந்து உள்ளே வரும். வெளி லீனியர் வைத்திருந்தால் அதன் வெளியீட்டில் எடுக்க வேண்டும். ரேடியோவின் உள் சாம்ப்ளரை வைத்துத் திருத்தினால் ரேடியோ மட்டும் சுத்தமாகும், லீனியர் தன் கோணலோடு அப்படியே இருக்கும்.

அப்புறம், தனியான ஒரு ரிசீவரில் பாருங்கள். 8 பிட் ஆர்டிஎல் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) இதற்குப் போதாது. அதன் வீச்சு எல்லையே 50 டெசிபலுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். 14 பிட் ஏடிசி உள்ள கிவி எஸ்டிஆர் போன்றவை பரவாயில்லை. நண்பர் ஒருவரை அவருடைய ரிசீவரில் பார்க்கச் சொன்னால், கையோடு 10 டெசிபல் அட்டனுவேட்டரையும் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கம்பங்களும் 10 டெசிபல் இறங்கினால் அவை உங்களுடையவை. 30 இறங்கினால் அவருடைய ரிசீவருக்குள் உருவானவை. வீணாக உங்கள் லீனியரைத் திறக்க வேண்டாம்.

இந்த முறையால் ஆகாததும் உண்டு. 100 வாட்டில் மூச்சு முட்டும் டிரான்சிஸ்டரிடம் எந்தக் கணக்கைப் போட்டாலும் 120 வாங்க முடியாது. உச்சி மழுங்கிய இடத்தைத் திருத்த, மென்பொருள் அந்த இடத்தில் டிரைவைக் கூட்டித் தள்ளும். தள்ளுவதற்கு மேலே இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏஎல்சியை (வெளியீடு எல்லை மீறாமல் தானாகப் பிடிக்கும் சர்க்யூட்) விலக்கி வையுங்கள்: அது நொடிக்கு நொடி கெயினை (பெருக்கும் அளவை) மாற்றும், திருத்தம் பழைய கெயினை நம்பிக்கொண்டிருக்கும். இரண்டு டோன் படத்தில் இடப்பக்கக் கம்பமும் வலப்பக்கக் கம்பமும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபையரில் மெமரி விளைவு (முன்பு போன சிக்னலின் பாதிப்பு பின்னும் தொடர்வது) இருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் பவர் சப்ளையிலோ பயாஸ் சர்க்யூட்டிலோ போதாத கெபாசிட்டர். அந்த நொடியின் வீச்சை மட்டும் வைத்துக் கணக்கிடும் திருத்தம் இதைத் தொடாது. சால்டரிங் அயர்னைத்தான் எடுக்க வேண்டும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறைக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை, அதன் வீச்சு மாறுவதில்லை. ஆடியோவை அதிகமாக ஏற்றாமல் இருந்தால் போதும்.

ஃபீட்பேக் வசதி இல்லாத ரேடியோவும் லீனியரும் வைத்திருப்பவர்கள்தான் நம்மில் பெரும்பான்மை. அவர்களுக்கும் கையில் ஒரு வழி இருக்கிறது. நடுத்தர அளவுகளில் டிரைவை 1 டெசிபல் குறைத்தால், மூன்றாம் வரிசைத் திரிபு சிக்னலோடு ஒப்பிட 2 டெசிபல் இறங்கும். 100 வாட்டை 50 ஆக்கினால் எதிர்முனையில் இருப்பவருக்கு அரை எஸ் யூனிட்தான் குறையும். பக்கத்து அலைவரிசைக்கோ பல டெசிபல் இடம் கிடைக்கும். ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டியவர்கள் பயாஸை மிகவும் இறக்கி வைத்தால் மட்டும் இந்தக் கணக்கு பொய்க்கும். அடிவளைவு அப்படியே இருப்பதால் டிரைவைக் குறைத்தாலும் திரிபு இறங்காது. டேட்டாஷீட்டைப் பார்த்து, ஓய்வு மின்னோட்டத்தை மீட்டரில் அளந்து வையுங்கள். நெட்டில் (பல ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் நேரம்) அடுத்த தடவை ரிப்போர்ட் கேட்கும்போது, 5 கிலோஹெர்ட்ஸ் மேலேயும் கீழேயும் ஒரு நிமிடம் கேட்டுச் சொல்லுமாறு வலுவாகக் கேட்கும் நிலையத்திடம் கேளுங்கள். அவர் டயலைத் திருப்பும் வரை வழக்கமான சத்தத்தில் பேசிக்கொண்டே இருங்கள். நிறுத்திவிட்டால் அவருக்கு எதுவும் கேட்காது.