கையெழுத்து தனி லேயரில் இருந்தது

அப்பளப் பாக்கெட்டில் என் பாட்டியைப் பார்த்தேன். சொந்தப் பாட்டி இல்லை, நான் வரைந்த பாட்டி. ராயப்பேட்டையில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில், சேமியாவுக்கும் வற்றலுக்கும் நடுவில், காதில் தண்டட்டியோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் கூடை வைத்து நின்றிருந்தாள். நான் வரைந்தபோது அந்தக் கூடையில் இருந்தது கொய்யாப்பழம். இப்போது அப்பளம். அதையும் யாரோ அவசரத்தில் ஒட்டியிருக்கிறார்கள், அப்பளத்துக்கு நிழலே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் கோபம் வந்தது அந்த நிழலைப் பார்த்துத்தான். திருட்டு என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் வரைந்து பிழைக்கிறேன். பாட்டியும் ஒரு சிறுவர் நூலுக்காக வரைந்தவள்தான். கலரில் ஓர் அட்டை, உள்ளே பன்னிரண்டு கோட்டோவியம், மொத்தம் எட்டாயிரம் ரூபாய், எல்லாம் போனில் பேசியது. "நமக்குள்ள ஒப்பந்தமெல்லாம் எதுக்கு சார்" என்றார் பதிப்பாளர். நானும் சரி என்றேன், அந்த மாதம் வாடகை பாக்கி. வேலை முடிந்ததும் பிரஸ்ஸில் கேட்கிறார்கள் என்று பிஎஸ்டி ஃபைலையே, அதாவது படம் லேயர் லேயராகப் பிரிந்திருக்கும் போட்டோஷாப் மூல ஃபைலையே கேட்டார், கொடுத்துவிட்டேன். அது எங்கெங்கே போனது என்பதைப் பின்னால் நானே அலைந்து விசாரித்தேன்: பதிப்பகத்திலிருந்து பிரஸ், பிரஸ்ஸில் வேலை பார்த்த டிசைனர் பையனின் பென்டிரைவ், அவன் தனியாக ஆரம்பித்த பிளக்ஸ் கடை, அங்கிருந்து ஒரு நர்சரி பள்ளி வேன், ஒரு பொங்கல் விழா பேனர், கடைசியில் அப்பளம். எதிலும் என் பெயர் இல்லை. யாரும் மெனக்கெட்டு அழிக்கவும் இல்லை. வேலையில் சுத்தமாக இருக்கிறேன் என்ற நினைப்பில் என் கையெழுத்தை நானே தனி லேயரில் வைத்திருந்தேன். அந்த லேயருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தை ஒரு தட்டு தட்டினால் போதும், வரைந்தவன் காணாமல் போய்விடுவான்.

அப்பளக் கம்பெனிக்காரர் கெட்டவர் இல்லை. போன் பண்ணிய மறுநாளே வீட்டுக்கு வந்தார். "யார் வரைஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேனா சார்? அச்சு சிலிண்டர் போட்டாச்சு, மாத்தணும்னா ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா செலவு" என்று அழாத குறையாகச் சொன்னார். அவர் ஒரு தொகை கொடுத்தார், அடுத்த தடவை அச்சடிக்கும்போது பாட்டியை எடுத்துவிடுவதாகச் சொன்னார், எடுத்தும்விட்டார். என்னை நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது பதிப்பகத்தின் பதில். "காசு கொடுத்து வரையச் சொன்னது நாங்க. சட்டப்படி படம் எங்களோடது. அதை நாங்க யாருக்குக் கொடுத்தா உங்களுக்கென்ன?"

இந்த வார்த்தையைக் கேட்டுக் கொதித்துப்போய், லிங்கிச் செட்டித் தெருவில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல் தோழியிடம் போனேன். சட்டம் நம் பக்கம், நோட்டீஸ் அனுப்பினால் போதும் என்ற நினைப்பு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணா, அவர் சொல்றது முழுத் தப்பு இல்லையே" என்றாள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். (காப்புரிமை என்று எழுதினால் பாதிப் பேர் பேட்டன்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் பதிப்புரிமை என்றே வைத்துக்கொள்கிறேன்.) படைத்தவரே முதல் உரிமையாளர் என்று அதன் 17ஆம் பிரிவு ஆரம்பிக்கிறது. படித்தவுடன் நெஞ்சு நிமிரும். உடனே கீழே விதிவிலக்குகள் வரும். அதில் 17(பி)யின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணத்துக்காக எடுத்த போட்டோ, தீட்டிய ஓவியம், வரைந்த உருவப்படம் ஆகியவற்றுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். வீட்டுக்கு ஆள் வரவழைத்துத் தாத்தாவின் உருவப்படம் வரையச் சொன்னவர்களுக்கு இது நியாயம்தான், குடும்பப் படத்தை ஓவியர் ஊருக்கெல்லாம் விற்கக் கூடாது. ஆனால் நம் தொழிலில் யாரும் கேட்காமல் நாம் எதை வரைகிறோம்?

தோழி ஒரு சந்து காட்டினாள். எவையெல்லாம் கலைப்படைப்பு என்று சொல்லும் 2(சி) பிரிவு, தீட்டிய ஓவியத்தையும் கோட்டுச் சித்திரத்தையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 17(பி)யிலோ சித்திரம் என்ற சொல் இல்லை. ஆகவே கோட்டோவியம் அந்த விதிவிலக்கில் வராது என்று வாதாடலாம். "கறுப்பு வெள்ளை உங்களுது, கலர் அட்டை அவங்களுதுன்னு ஒரு தீர்ப்பு வந்தாக்கூட ஆச்சரியப்பட மாட்டேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அட்டைக்கு வாங்கியது மூவாயிரம்.

அப்புறம் அவள் கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "ஒரு மெயிலாவது இருக்கா? உரிமை எனக்குத்தான்னு ஒரு வரி?" இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தவை "பாட்டிக்கு இன்னும் கொஞ்சம் சிரிப்பு வேணும்", "சூப்பர் சார்", ஒரு கும்பிடு. அவ்வளவுதான். 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற அந்தச் சின்னச் சொற்றொடருக்குள் நுழைய எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. எட்டாயிரம் ரூபாய் வேலையில் அதைக் கேட்கக் கூச்சப்பட்டேன்.

இப்போது கூச்சப்படுவதில்லை. ரேட் சொல்லும் மெயிலிலேயே, பென்சிலைத் தொடுவதற்கு முன்பே, இதை எழுதிவிடுகிறேன்: "இந்தப் படங்களின் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். இன்ன நூலின் தமிழ் அச்சுப் பதிப்புக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு, பயன்படுத்த அனுமதி. வேறு எதற்கு வேண்டுமானாலும் தனியாகப் பேசிக்கொள்ளலாம்." எதிர்ப்பக்கம் "ஓகே" என்று பதில் வந்த பிறகுதான் ஸ்கெட்ச். ஓரிருவர் முகம் சுளித்தார்கள், ஒருவர் வேறு ஆளைத் தேடிப் போனார், மற்றவர்கள் படித்தார்களா என்பதே சந்தேகம். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, மெயில் இருக்கிறது.

பெரிய கம்பெனிகள் பிரச்சினை வேறு மாதிரி. அவர்களே பதினாறு பக்கம் அனுப்பி, 'உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும், நிரந்தரமாக' என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடுவதற்கு முன் 18, 19ஆம் பிரிவுகளை ஒரு தடவை படியுங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், நம் கையெழுத்தோடு இருக்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருடம்தான். எந்த ஊர் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உரிமையை வாங்கி ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது நம்மிடமே திரும்பிவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்துப் போட்ட நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாதவரை, உரிமை போகாது. சட்டம் நமக்காக இவ்வளவு யோசித்து வைத்திருக்கிறது, அந்தப் பதினாறு பக்கமும் இதையெல்லாம் ஒவ்வொன்றாக அடைப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஆகவே அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு அனுப்புங்கள். அடித்தால் வேலை போய்விடும் என்று பயம் வரும், எனக்கும் வரும். பாதித் தடவை சும்மா ஒத்துக்கொள்கிறார்கள்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் கதை தனி. அனிமேஷன், கேம் ஸ்டுடியோவில் வேலை நேரத்தில் வரைந்தது கம்பெனிக்குத்தான். ஆனால் பத்திரிகையில் மாதச் சம்பள ஓவியர் என்றால் 17(ஏ) பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமைகள் வரைந்தவருக்கு. காலண்டர், வாழ்த்து அட்டை, சட்டை, எல்லாம். நம் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு குழப்பம், நந்தனம் புத்தகக் காட்சிக்கு ஒவ்வொரு முறை போகும்போதும் காதில் விழுவது. "அவர் நூல்தான் நாட்டுடைமை ஆயிடுச்சே, பழைய படத்தையும் போட்டுக்கலாம்." கூடாது. நாட்டுடைமை ஆனது எழுத்து. அந்தத் தொடருக்கு வரைந்தவர் வேறு ஆள், அவருக்குத் தனிக் கணக்கு: ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். பத்திரிகை ஓவியர் கோபுலு 2015இல் மறைந்தார் என்றால் அவர் கோடுகளுக்கு 2075 முடியும்வரை பாதுகாப்பு இருக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி, ஆனால் ஊர்ச் சொத்து இல்லை.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் பெயர் அட்டையில் இருக்கும், பாடகர் குரல் பாட்டிலேயே இருக்கும். படத்தின் ஓரத்தை வெட்டினால் படம் அநாதை. அமெரிக்காவில் 2008இல் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளைப் பயன்படுத்திக்கொள்ள வழி செய்யும் மசோதா ஒன்று வந்தபோது அங்குள்ள ஓவியர்கள் அதை எதிர்த்து நின்றதற்குக் காரணம் இதுதான். செனட் அதை நிறைவேற்றியது, பிரதிநிதிகள் சபையில் நின்றுபோனது. நம் சட்டத்திலும் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி வெளியிட அனுமதி வாங்கலாம். அதற்கு முன்னால் ஒரு நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எந்த நாளிதழ் தெரியுமா, நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழ். திருவல்லிக்கேணி மேன்ஷனில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகைக்கு வரைந்துகொண்டிருந்தவரின் மகள் அதைப் பார்த்து ஓடி வருவாள் என்று எதிர்பார்க்கிறார்கள்!

ஒரு ஆறுதல், 57ஆம் பிரிவு. உரிமையையே விற்றுவிட்டாலும், இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளவும், என் மதிப்பு கெடும்படி அதைச் சிதைத்தால் கேள்வி கேட்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்துப் பாழாக்கிய அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டார் சிற்பி அமர்நாத் சேகல். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடம் ஒப்படைக்கச் சொல்லி, 5 லட்சம் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. கொய்யாவை அப்பளமாக்கியது அந்த அளவுக்குச் சிதைவா என்று தோழியிடம் கேட்டேன். "நிழலை வச்சு வாதாடலாம்" என்றாள்.

ஏஐ பற்றி எழுதாவிட்டால் திட்டுவீர்கள். 2025 மார்ச்சில் ஊரே ஏஐ போட்டுத் தந்த ஜிப்லி (ஜப்பானிய அனிமேஷன் ஸ்டுடியோ) பாணி முகத்தோடு திரிந்தபோது எனக்கு வந்த போன்: "சார், ஏஐல படம் ரெடி, ஆறு விரல் வந்திருக்கு, கையை மட்டும் சரி பண்ணித் தர முடியுமா?" ஸ்டைலுக்குப் பதிப்புரிமை கிடையாது, நம் பாணியைப் பார்த்துப் பழகிய பையனை நாமும் தடுத்ததில்லை. கேள்வி, அந்த மெஷினைப் பழக்க நம் படங்களையே அள்ளிப்போட்டது பற்றி. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதற்காக ஒரு குழு அமைத்தது, டிசம்பரில் அதன் அறிக்கையின் முதல் பகுதி வெளிவந்தது. அதில் உள்ள யோசனை: சட்டப்படி கைக்கு வந்த எதையும் மெஷினைப் பழக்கப் பயன்படுத்தலாம், படைத்தவர் வேண்டாம் என்று மறுக்க முடியாது, பதிலாக ஒரு பொது அமைப்பு மூலம் ராயல்டி வரும். பணம் வருவது நல்லதுதான், ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியாதவன் ரேட் பேசவும் முடியாது என்பது என் அனுபவம். இசைக்காரர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்த எந்த ஓவியரும் அப்படி ஓர் அமைப்பிலிருந்து ஒரு ரூபாய் வாங்கியதில்லை. தவிர, ராயல்டி கொடுக்க வேண்டுமென்றால் யார் வரைந்தது என்று தெரிய வேண்டுமே, அந்த நர்சரி வேனில் இருக்கும் பாட்டிக்கு யார் பெயரில் செக் எழுதுவார்கள்?

பதிவு கட்டாயமில்லை, வரைந்த நொடியே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனாலும் முக்கியமான படங்களை நான் பதிகிறேன். கலைப்படைப்புக்கு 500 ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம். வர்த்தகப் பொருளில் பயன்படக்கூடிய படம் என்றால் 2,000. சண்டை வந்தால் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். மற்றபடி ஸ்கெட்ச், முதல் லேயர்கள், தேதியோடு இருக்கும் மெயில், எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். பிஎஸ்டி மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். டிஃப் ஃபைல், ஒரே லேயர், முடிந்தது.

போன மாதம் புதுப் பதிப்பகம் ஒன்றுக்கு அட்டை வரைந்து கொடுத்தேன். பூக்காரம்மா, கட்டம் போட்ட சுங்குடிச் சேலை. இரண்டு நாள் கழித்து அவர்கள் டிசைனர் கூப்பிட்டார்.

"சார், கையெழுத்தை எடுத்துட்டு டைட்டில் வைக்கலாம்னு பார்த்தேன். சேலைக் கட்டத்துக்குள்ள போயிருக்கே, எடுத்தா சேலை கிழியுது."

"ஆமாம்ப்பா" என்றேன். "டைட்டிலை மேலே வச்சுக்க."